வானத்துக் கல்லுக்கு நேர்ந்த கிடா

என் கல்யாண போட்டோவில் நான் மொட்டைத் தலையோடு நிற்பேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பழனிக்குப் போய்ட்டு வந்தீங்களா?" பழனியும் இல்லை, திருப்பதியும் இல்லை. அது ஸ்கைலாப்புக்குப் போட்ட மொட்டை.

எழுபத்தொன்பதாம் வருஷம் அமெரிக்காக்காரன் மேலே விட்ட ஸ்கைலாப் என்ற விண்வெளிக் கூடம் உடைந்து விழப்போகிறது, எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது என்று பேப்பரில் போட்டார்கள். நாகமலை புதுக்கோட்டையில் பாதிப் பேர் வளர்த்த கோழிகளை எல்லாம் அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள், செத்த பிறகு யார் தின்பது என்று. என் அக்கா ஒச்சாயி மட்டும் மேற்கே மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "கருப்பா, அது எங்க ஊர்ல விழாம இருந்தா என் தம்பிக்கு மொட்ட போடுறேன்" என்றாள். அது ஆஸ்திரேலியாப் பக்கம் போய் விழுந்தது. ஆவணி முதல் வாரத்தில் எனக்குக் கல்யாணம். ஆடிக் கடைசியில் மலையடிவாரத்துக் கருப்பு கோயிலில் உட்காரவைத்து வழித்துவிட்டார்கள். அக்கா சொன்ன சொல் தவறாதவள். முடிதான் என்னுடையது.

எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துகொள்ளாதவர் யாரும் கிடையாது. ஆனால் மற்றவர்கள் தங்களிடம் இருப்பதை நேர்வார்கள், என் அக்கா எங்களை நேர்வாள். மூத்த மகளுக்கு அம்மை போட்டபோது தீச்சட்டி எடுத்தவர் அக்கா புருஷன் முத்திருளன். இளைய மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததற்குப் பால்குடம் சுமந்தவன் நான். எருமை காணாமல் போய்த் துவரிமான் பக்கம் கிடைத்ததற்கு மறுபடியும் என் தலை. ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏக்கா, ஒன் முடிய நேர வேண்டியதுதான?"

"என் முடியில என்னடா இருக்கு? சாமிக்குக் குடுத்தா நமக்குப் பிரியமானதக் குடுக்கணும். எனக்கு நீங்கதான இருக்கீக."

தலையைத் தடவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அளவு பார்த்துத்தான் நேர்வாள். தலைவலிக்குச் சூடம், காய்ச்சலுக்குத் தேங்காய், ஆஸ்பத்திரி வரை போனால் சேவல். நேர்ந்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. குறைத்தும் கொடுக்க மாட்டாள், தள்ளியும் போட மாட்டாள். "அவரு நம்ம வேலையச் செஞ்சாருல்ல, நாம சொன்னதச் செய்யணும்" என்பாள், ஏதோ கருப்புசாமி கொத்தனார் வேலைக்கு வந்துவிட்டுக் கூலிக்குக் காத்திருப்பது போல.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ரோட்டோரமாக என் சைக்கிள் கடை. அதை ஒட்டி அக்காவின் பருத்திப்பால் வண்டி. கடைக்குப் பின்னால் அவள் வீடு. பருத்திக்கொட்டையை முதல் நாளே ஊறப்போட்டு, காலையில் ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பாலைப் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலம் எல்லாம் போட்டுக் காய்ச்சி, சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவாள். ஹாஸ்டல் மாணவர்கள், வாத்தியார்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் தம்ளரை ஊதிக்கொண்டே நிற்பார்கள். பிழிந்து மீந்த சக்கை மொத்தமும் செவலைக்குப் போகும்.

செவலை என்பது முத்திருளன் மச்சானின் செம்மறிக் கிடா. கிடாமுட்டுப் போட்டிக்கு விடுகிற கிடா. இளைய மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மாதம், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று திருமங்கலம் சந்தையில் குட்டியாக வாங்கி வந்தார். மச்சான் ரொம்பப் பேசாதவர். கேட்ட கேள்விக்கு 'ம்' என்பார், அதிகம் போனால் 'ம்ம்' என்பார். ஆனால் செவலையிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். மழை இல்லாதது, கிணற்றில் தண்ணீர் வற்றியது, மருமகன் வந்து ஒரு நாள்கூடத் தங்காமல் போனது எல்லாம் அதற்குத் தெரியும். செல்லூரில் முட்டி ஒரு அண்டா வாங்கியது, வாடிப்பட்டியில் முட்டி ஒரு எவர்சில்வர் குடம் வாங்கியது. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மச்சான் பஸ்ஸிலிருந்து இறங்கிய அழகை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும். முதலமைச்சர் கையால் வாங்கியது போல இறங்கினார்.

"என் சக்க தின்னுதான் அம்புட்டு பலம்" என்பாள் அக்கா. மச்சான், "ம்" என்பார். அதற்கு 'நான் பழக்கின பழக்கம்' என்று அர்த்தம். இதை வைத்து இருவருக்கும் வருஷக்கணக்காகச் சண்டை.

எண்பத்தொன்பது சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், நான் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சத்தமாகத்தான் படிப்பேன். முதல் நாள் வைகைக் கரையில் கூட்டத்தில் நசுங்கிய களைப்பில் அவள் வண்டிச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூமிக்கு மிக அருகில் ராட்சதக் கல். அரை மைல் அகலம் இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். இது பூமியில் மோதினால் ஒரு பெரிய நகரமே..."

அந்த நேரம் பார்த்து ஒரு மாணவன் பஞ்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு டியூபைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா எழுந்து நின்று மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கருப்பா! அந்தக் கல்லு எங்க யாரு மேலயும் விழாம விட்டுப் போயிருச்சுன்னா, எங்க செவலைய உனக்கு வெட்டுறேன்!"

டியூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"என்னக்கா பண்ணிட்ட? செவலையவா?"

"ஒலகத்துக்கே ஆபத்துங்கிறப்ப கோழியவா நேரச் சொல்ற? மொதல்ல ஒன் முடியத்தான் நெனச்சேன். திரும்பிப் பாத்தேன், அங்க ஒண்ணும் இல்ல."

வாஸ்தவம்தான். பத்து வருஷத்தில் என் தலை தானாகவே சாமிக்குப் போய்விட்டிருந்தது.

பஞ்சரை ஒட்டிவிட்டு மீதிச் செய்தியைப் படித்தேன். அந்தக் கல் பூமியைத் தாண்டிப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்றும், போன பிறகுதான் அதைக் கண்டே பிடித்தார்கள் என்றும் கடைசி வரியில் போட்டிருந்தான். இந்தப் பேப்பர்காரர்களைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். பயப்பட வேண்டியதை எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பயப்பட வேண்டாம் என்பதைப் பொடி எழுத்தில் கீழே வைக்கிறான். அதற்குள் ஒரு கிடாவின் உயிர் போய்விட்டது.

மச்சான் வயலிலிருந்து வந்ததும் நான்தான் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் 'ம்' என்று சொல்லவில்லை.

"மாப்ள, நெசமாவா?"

"ஆமா மச்சான்."

"அண்டாவக் குடுப்போம். கொடத்தையும் குடுப்போம். நான் அலகு குத்துறேன். தீச்சட்டி எடுக்குறேன். செவலைய எப்பிடிரா?"

அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. உள்ளேயிருந்து அக்கா பதில் சொன்னாள்.

"நேந்தது நேந்ததுதான்."

அந்தச் சாயங்காலம் ஆண்டிச்சாமி சார் பருத்திப்பால் குடிக்க வந்தார். வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் படிக்க வைத்து, பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வாத்தியாராக ஆகியிருந்தார். என்ன கேட்டாலும் சலிக்காமல் சொல்லுவார். மச்சான் நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், அந்தக் கல்லு போயிருச்சா, இல்ல இனிமேத்தான் வருதா?"

"போயி ஒரு மாசம் ஆச்சுண்ணே. எம்புட்டு கிட்ட வந்துச்சு தெரியுமா? நெலா இருக்குற தூரத்தப் போல ரெண்டு மடங்கு, அம்புட்டுதான். நம்ம பூமி ஒரு எடத்துல இருந்துச்சு. அங்கிட்டிருந்து பூமி நகண்டு ஆறு மணி நேரம் கழிச்சு, சரியா அதே எடத்துக்கு அந்தக் கல்லு வந்துருக்கு."

"அடியாத்தி! ஆறு மணி நேரமா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. நம்ம அழகர் மாதிரின்னு வச்சுக்கங்க. மீனாச்சி கல்யாணத்துக்குக் கெளம்பி வர்றாரு, இங்க தாலி கட்டி முடிச்சாச்சு. பிந்திப்போச்சுன்னு ஆத்தோட திரும்பிட்டாரு."

"அப்ப இனிமே வராதா?"

"அழகர் வராம இருக்காரா? வருசா வருசம் கெளம்பி வந்துக்கிட்டுத்தான இருக்காரு. இதுவும் அப்பிடித்தான். சூரியன நாம ஒரு வட்டத்துல சுத்துறோம். அது கொஞ்சம் நீட்டு வட்டத்துல சுத்துது. ஒரு சுத்துக்கு நம்மள விடக் கொஞ்ச நாள் கூட ஆகும். ரெண்டு பாதையும் ஒரு எடத்துல கிட்டக் கிட்ட வருது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அங்க வந்து நின்னாத்தான் வம்பு. அது எப்பவாவது நடக்கலாம், நடக்காமலே போகலாம். ஆனா கல்லு எங்கயும் போகாது. சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

மச்சானுக்கு இந்த வட்டம், நீட்டு வட்டம் எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு மாதம் முந்தியே போய்விட்டது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா? நீ நேரும்போதே அது போயி ஒரு மாசம் ஆயிருச்சு. போனதுக்கு எதுக்கு நேத்திக்கடன்? செல்லாது!"

நானும், "அதான, செல்லாதுக்கா" என்று ஒத்து ஊதினேன். அக்கா கரண்டியைப் பானையில் போட்டுக் கலக்கியபடி நிதானமாக யோசித்தாள். யோசித்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டு ஆண்டிச்சாமி சாரே தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நமக்குத்தான் முந்தி பிந்தியெல்லாம். கருப்புக்கு ஏது? இவ நேரப்போறா, சொன்ன சொல்லக் காப்பாத்துவான்னு அவருக்கு முன்னக்கூட்டியே தெரிஞ்சுருக்கு. அதான் ஒரு மாசம் முந்தியே தள்ளிவிட்டுட்டாரு. என்னைய நம்பி வேல செஞ்சிருக்காருய்யா அந்த மனுசன். அவர ஏமாத்தச் சொல்றீகளா?"

மச்சானின் முகம் தொங்கிப்போனது. வாதாடப்போய்க் கடனை இரட்டிப்பாக உறுதி செய்துகொண்டு வந்ததுதான் மிச்சம். ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை கிடா வெட்டு என்று அன்றைக்கே முடிவாயிற்று. பூசாரி காளைக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை. வயலுக்குப் போவார், வருவார், கட்டுத்தறியில் செவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் அது தன் பாட்டுக்கு அவர் தோளில் தலையைத் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் துண்டால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். எனக்கு அக்கா மேல் கோபம்கூட வந்தது. மொட்டை போட்டால் முடி வளரும். கழுத்து வளருமா?

வைகாசியில் ஒரு நாள் காலை, கடை திறக்கும் நேரத்தில் மச்சான் முகம் கொஞ்சம் தெளிந்து வந்து நின்றார். பஞ்சர் பார்ப்பதற்காக நான் தண்ணீர் நிரப்பி வைக்கும் தொட்டியையே பார்த்தார்.

"மாப்ள, கெடாவ எப்ப வெட்டுவாக?"

"பூசாரி வந்து மஞ்சத் தண்ணி தெளிப்பாரு. கெடா ஒடம்பச் சிலுப்பும். சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு வெட்டுவாக. ஒங்களுக்குத் தெரியாததா?"

"சிலுப்பலேன்னா?"

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். சிலுப்பாத கிடாவை எங்கள் கோயிலில் வெட்டுவதில்லை. சாமி ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆனால் தண்ணீர் பட்டால் சிலுப்பாத கிடா எந்த ஊரில் இருக்கிறது?

"இவன் கூட்டத்துக்கு மெரளமாட்டான், கொட்டுச் சத்தத்துக்கு மெரளமாட்டான், எதிர்க்கெடாவுக்கு மெரளமாட்டான். எல்லாம் நான் பழக்குனதுதான மாப்ள? தண்ணிக்கு மட்டும் பழக்க முடியாதா?"

மறுநாளிலிருந்து ஆரம்பித்தார். விடிந்ததும் விடியாததுமாக, அக்கா பருத்திக்கொட்டை ஆட்ட உட்காரும் முன்னால், செவலையை என் கடை ஓரத்துக்கு ஓட்டி வருவார். முதலில் சொட்டுச் சொட்டாகக் காதின் மேல். செவலை தலையை உதறும். சும்மா இருப்பார். மறுபடியும் சொட்டு. என்றைக்காவது உதறாமல் நின்றால் உடனே வாயில் ஒரு துண்டு கருப்பட்டி. கருப்பட்டி அக்காவின் பானையிலிருந்து எடுத்தது. அப்புறம் கையால் தெளிப்பது, செம்பால் ஊற்றுவது என்று ஏறிக்கொண்டே போனார். ஆனி முடிவதற்குள் ஒரு வாளியைத் தலையில் கவிழ்த்தாலும் பத்துத் தடவையில் ஆறு ஏழு தடவை நின்றது. மீதித் தடவைகளில் சிலுப்பிச் சிலுப்பி என் சட்டையைத்தான் நனைத்தது.

"இது பத்தாதே மச்சான்" என்றேன்.

"பத்தாதுதான்" என்று பெருமூச்சு விட்டார். "ஆடி வந்துருச்சே."

எனக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்க்கும்போதெல்லாம், செவலையின் கட்டுத்தறி சொதசொதவென்று ஈரமாக இருக்கும். காலையில் ஊற்றுகிற தண்ணீர் என் கடை ஓரத்தில், அங்கே எப்படி ஈரம் வந்தது? மச்சான்தான் வயலிலிருந்து வந்து இன்னொரு தடவை பழக்குகிறார் போல என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் இருந்தது. கருப்பட்டி குறைந்தால் ஊரையே கூட்டிவிடுகிற அக்கா, அந்த இரண்டு மாதமும் வாயைத் திறக்கவில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளி வந்தது. மலையடிவாரத்தில் கருப்பு கோயிலுக்கு முன்னால் ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். இரண்டு மகள்களும் மருமகன்களோடு வந்திருந்தார்கள். அடுப்பு மூட்டிச் சோறு வடித்தாகிவிட்டது. மசாலா அரைத்து அம்மி ஓரத்தில் மலை போல வைத்திருந்தார்கள். கறி மட்டும்தான் பாக்கி, அது மாலை போட்டுக்கொண்டு கம்பீரமாக நின்றது. ஆண்டிச்சாமி சாரும் அக்காவின் அழைப்பைத் தட்ட முடியாமல் வந்திருந்தார்.

மச்சான் செவலையின் கயிற்றைப் பிடித்திருந்தார். பத்தில் ஆறு ஏழு என்பது ரொம்பத் தைரியம் தருகிற கணக்கு இல்லை.

பூசாரி காளை செம்பை எடுத்தார். "கருப்பா, ஒச்சாயி குடுக்குறா, உத்தரவு குடு" என்று மஞ்சள் தண்ணீரைத் தலையிலிருந்து வால் வரை தெளித்தார்.

செவலை நின்றது.

இரண்டாவது தடவை தெளித்தார். காது ஓரமாகத் தண்ணீர் ஒழுகிச் சொட்டியது. செவலை நேராகப் பூசாரியைப் பார்த்தது. மூன்றாவது தடவை செம்போடு அப்படியே கவிழ்த்தார். செவலையின் வலது காது லேசாகத் துடித்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். காது அடங்கியது. உடம்பில் ஒரு மயிர்கூட ஆடவில்லை. வாயை மட்டும் திறந்து நாக்கை நீட்டியது. எதற்கு என்று எனக்கும் மச்சானுக்கும் தெரியும். கருப்பட்டிக்கு.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. ஆளாளுக்கு வந்து ஒரு செம்பு ஊற்றிப் பார்த்தார்கள். பூசாரியின் வேட்டி முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. செவலை குளித்து முடித்த மாப்பிள்ளை போல நின்றது.

"ஏதோ கொற இருக்கு ஒச்சாயி" என்றார் பூசாரி. "நேந்ததுல எங்கயோ பெசகு. சாமி வாங்க மாட்டேங்குது."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரு நேர்த்திக்கடனும் பாக்கி வைக்காதவள். அவள் கொடுத்ததைச் சாமி வேண்டாம் என்றால் அவளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சானுக்கும் உறைத்திருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்த கையைத் தளர்த்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். கொஞ்சம் விட்டால் உண்மையைச் சொல்லியிருப்பார்.

அக்கா கலங்கவில்லை. கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டி ஆண்டிச்சாமி சாரைப் பிடித்தாள்.

"சார், அந்தக் கல்லு இப்ப எங்க இருக்கு?"

"இப்பவாக்கா? ரொம்ப தூரத்துல, சூரியனச் சுத்திப் போய்க்கிட்டு இருக்கும்."

"நம்மள விட்டு ஒரேடியாப் போயிருச்சா?"

"இல்லக்கா. அன்னைக்கே சொன்னேனே. அதோட பாதை அதான். திரும்பத் திரும்ப இந்தப் பக்கம் வந்துக்கிட்டுத்தான் இருக்கும்."

அக்கா பூசாரியின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீகளா? நான் என்னான்னு நேந்தேன்? கல்லு விட்டுப் போகணும்னு நேந்தேன். அது இன்னும் போகல, சுத்திக்கிட்டு இருக்கு. கருப்பு அத வெரட்டிக்கிட்டே இருக்காரு. வேல முடியாம எவனாச்சும் கூலி வாங்குவானா? நம்ம கருப்பு வாங்குவாரா?"

பூசாரி நனைந்த வேட்டியைப் பிழிந்தார். "நியாயந்தான்" என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் முழுக்க நியாயம் நியாயம் என்று ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு ஆடிக்கும் செவலையைக் கொண்டுவந்து நிறுத்தி உத்தரவு கேட்பது, சாமி எப்போது வாங்குகிறதோ அப்போது கொடுப்பது என்று முடிவாயிற்று. மூத்த மருமகன் மட்டும், "அப்ப அரைச்ச மசாலா?" என்று கேட்டான். அவன் கவலை அவனுக்கு. அந்த மசாலாவைக் கத்தரிக்காயில் போட்டு வதக்கினார்கள். உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு கத்தரிக்காய்க் குழம்பை நான் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, பின்னாலும் சாப்பிட்டதில்லை. மச்சான் மூன்று தடவை சோறு வாங்கினார். திரும்பி வரும்போது வழியெல்லாம் செவலையின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"எப்பிடி மாப்ள? ஒங்க அக்காளையே ஏமாத்திட்டோம்ல?" என்று என் காதிலும் சொன்னார்.

எனக்கும் சந்தோஷம்தான். பத்து வருஷமாக மொட்டை போட்டுக்கொண்டவன் இல்லையா நான்?

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் பாதி வழி போன பிறகுதான் கடைச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். வெயில் கொளுத்தியது. ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. கடைக்குப் பின்னால் அடிபம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாடிப்பட்டியில் செவலை வாங்கிய அதே எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். செவலையின் தலைக்கு மேலே தூக்கி நிதானமாக ஊற்றினாள். செவலை சிலுப்பவில்லை. இடுப்பில் முடிந்திருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து அதன் வாயில் வைத்தாள்.

"அக்கா!"

அவள் திடுக்கிடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டா இப்பிடிக் கத்துற? அவன் மெரண்டுரப் போறான்."

"நீயுமா ஊத்துன? மச்சான் காலைல..."

"தெரியும், தெரியும். வைகாசியிலருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். அவரு ஊத்துறது அம்புட்டும் எந்த மூலைக்கு? இவன் அதுக்கெல்லாம் அடங்குறவனா? அதான் மத்தியானத்துல நான் தெனம் அஞ்சு கொடம்."

"அப்பறம் ஏங்கா நேந்த? அன்னைக்கே வேணாம்னு விட்டுருக்கலாம்ல?"

"நேந்தத மாத்துறதா? அது தப்புடா." குடத்தைக் கீழே வைத்துவிட்டு, நனைந்த கையைச் சேலையில் துடைத்தாள். "அவசரத்துல நேந்துட்டேன். ரெண்டு பிள்ளையக் கட்டிக்குடுத்தப்பகூட ஒங்க மச்சான் அழுகல. இவன் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதாரு. அதப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல. செவலையத் தாரேன்னு நேந்தேன். அவனுக்குத் தண்ணி ஊத்த மாட்டேன்னு நேந்தேனா?"

"கருப்புக்குத் தெரியாதா இதெல்லாம்?"

"தெரியாமலா? மூணாந் தண்ணிக்குக் காது ஆடுச்சு, பாத்தேல்ல? அவரு நெனச்சிருந்தா ஆட்டி விட்டுருக்க முடியாதா? அவரும் வேணாம்னுதான் சும்மா நின்னாரு." மலைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க மச்சான்கிட்டச் சொல்லிப்புடாத. என்னைய ஏமாத்திட்டோம்னு ராத்திரி தூக்கத்துலகூட சிரிச்சாரு."

"சொல்லல. ஆனா அதான் நேத்தோட முடிஞ்சுருச்சே, இன்னைக்கு எதுக்கு ஊத்துற?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அந்தக் கல்லு திரும்ப வருமாம்ல? வர்ற ஆடிக்குள்ள இவனுக்குப் பழக்கம் விட்டுப்போச்சுன்னா என்னடா பண்ணுறது?"

செவலை அடுத்த கருப்பட்டிக்கு நாக்கை நீட்டியது. நான் குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பம்பு அடிக்கப் போனேன்.